கட்டைவிரல் இல்லாத கால்

எஸ்பியர் துறைமுகத்தில் மீன் ஏலக்கூடத்துக்கு மேலே
வாரம் இரண்டு நாள் எனக்கு ஓர் அறை.
சாய்வு நாற்காலி, முக்காலி, வெந்நீர்ப் பாத்திரம்,
சுவரில் பாதங்களின் வரைபடம்.
கம்பெனி காசு கொடுக்கிறது.
முதுகு போனவர்கள், தூக்கம் போனவர்கள்,
அரை மணி நேரம் யாரும் கூப்பிடாத இடம் தேடுபவர்கள்
வந்து காலுறை கழற்றுகிறார்கள்.

சட்டை கழற்றுவதைவிடக் காலுறை கழற்றுவது கூச்சம்
என்பதை இந்தத் தொழிலில்தான் கற்றேன்.
"நாறும், விபேக்கே" என்று
உட்காரும்போதே முன்ஜாமீன் வாங்குவார்கள்.
நாறட்டும்.
காலையில் நாலு மணியிலிருந்து நிற்கிற கால்
வேறென்ன செய்யும்.

புதிதாய் வருபவரிடம் நான் சொல்வது இவ்வளவுதான்:
பாதம் ஒரு குட்டி உடம்பு என்று நம்பியவர்கள்
வரைந்த படம் இது.
கட்டைவிரல் தலை.
விரல்களுக்குக் கீழே மேடிட்ட சதையில் நுரையீரல்,
உள்ளங்கால் பள்ளத்தில் வயிறு,
உள்விளிம்பு நெடுக முதுகெலும்பு,
குதிகாலில் இடுப்பு.
எகிப்தில் ஒரு பழங்கல்லறைச் சுவரில்
ஒருவன் இன்னொருவன் காலைப் பிடித்திருக்கிறான்;
அதுவும் இதுதானா, எனக்குத் தெரியாது.
சீனத்தில் காலை அமுக்கித் தூங்கவைத்திருக்கிறார்கள்.
தலைவலிக்கு, செரிக்காத வயிற்றுக்கு,
அடங்காமல் ஓடும் மனசுக்கு
என்று காலங்காலமாய் யாரோ யார் காலையோ
மடியில் வைத்திருந்திருக்கிறார்கள்.
நோய் தீரும் என்று நான் சொல்வதில்லை.
மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்வதுண்டு.

பிப்ரவரியில் தோர்கில் வந்தார்.
கிரீன்லாந்துக் கடலில் பதினெட்டு வருஷம்;
இப்போது கீழே பெட்டி எண்ணுகிறவர்.
இடது கால் எல்லாரையும் போல.
வலது காலில் கட்டைவிரல் இல்லை.
"பனி எடுத்துக்கொண்டது" என்றார்,
பக்கத்து வீட்டான் ஏணியை வாங்கிப்போய்
திருப்பித் தராததைச் சொல்கிற மாதிரி.
படத்தை மறைத்து நிற்கலாமா என்று
நான் யோசிப்பதற்குள் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.
"அப்படியானால் எனக்குப் பாதித் தலைதான்.
இதைக் கண்டுபிடிக்க
என் மனைவிக்குப் படம் தேவைப்படவில்லை."

சிரித்தோம்.
சிரிப்பு முழுசாய் அடங்குமுன் குரல் இறங்கியது:
"தலைவலி வலப்பக்கம்தான் வருகிறது.
எங்கே அமுக்குவீர்கள்?"

ஓடென்சேயில் படித்த காலத்தில்
இந்தக் கேள்வி வரவில்லை.
கையிலும் ஒரு படம் உண்டு,
கையின் கட்டைவிரலும் தலைதான்;
பாடப்படி அங்கே போயிருக்க வேண்டும்.
என் விரல்களோ தழும்பின் விளிம்புவரை போய்
நின்றுவிட்டன.
அதற்கப்பால் காற்று.
ஒரு விரல் கனத்துக்குக் காற்றைப் பிடித்து
அமுக்கினேன்.
மூன்று தடவை. மெதுவாக.
பொய் சொல்கிற கைக்கு வரும் வியர்வை வந்தது.

தோர்கில் கண்ணை மூடியிருந்தார்.
"கொஞ்சம் இடது பக்கம்" என்றார்.

ஃபோர்க்லிஃப்ட் ஒன்று கீழே பின்வாங்கிக் கத்திக்கொண்டிருந்தது.
கடற்புறாக்கள் எதற்கோ சண்டை.
அவர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.
கணக்குப் பிரிவு இங்கர்லிஸ்
செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளி
எட்டிப் பார்த்தாள்;
தலையாட்டினேன், போய்விட்டாள்.
என் இரு விரல்களுக்கு நடுவே
ஒன்றுமில்லை,
அதை விடத்தான் மனம் வரவில்லை.

வலி போயிற்றா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
அடுத்த செவ்வாய்க்குப் பெயர் எழுதியிருந்தார்.
'உங்கள் தொந்தரவு' என்ற கட்டத்தில்
பெட்டி எண்ணுகிறவரின் சின்னஞ்சிறு எழுத்தில்:
வலது கட்டைவிரல். குளிர்கிறது.

செவ்வாயன்று துண்டை
சற்று முன்னதாகவே வெந்நீரில் போட்டேன்.